ஞானப்பல்: கடைசி வரியில் ஒளிந்திருந்த ஆபத்து

கேள்வி: எனக்கு வயது 26. கீழ்த்தாடையில் வலது பக்க ஞானப்பல் பாதி முளைத்து நிற்கிறது. ஒரு வருடமாக விட்டுவிட்டு வலி. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டால் அடங்கிவிடும். அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்கிறார் பல் மருத்துவர். நரம்பு அறுந்து முகம் கோணிவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். பார்வை போய்விடும் என்கிறார் அம்மா. நான்கு ஞானப்பற்களையும் எடுக்க வேண்டுமா? கிராம்புத் தைலம் வைக்கலாமா? மூன்று நாளாக வாய் சரியாகத் திறக்கவில்லை, லேசாகக் காய்ச்சலும் இருக்கிறது.

பதில்: அந்தக் கடைசி வரியை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் நேரே ஆட்டோ ஏறியிருந்தால் இன்னும் நல்லது.

மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். பெரும்பாலும் எல்லோருக்கும் நுழையும். உங்களுக்கு ஒன்றோ இரண்டோதான் போகிறது என்றால், பாதி முளைத்த பல்லை மூடியிருக்கும் ஈறுக்கு அடியில் தொடங்கிய கிருமித் தொற்று, வாயை மூடித் திறக்கும் தசைவரை வந்துவிட்டது என்று பொருள். கீழ் ஞானப்பல்லின் வேர்நுனி தாடை எலும்பில் ஆழமாக, நாக்கின் பக்கம் ஒட்டி இருக்கிறது. அங்கே கட்டும் சீழ் வாய்க்குள் வடியாமல் கழுத்துப் பக்கம் இறங்க வழி உண்டு. அப்படி இறங்கினால் நாக்கை மேலே தள்ளி மூச்சுப்பாதையை அடைக்கும். அந்த நிலையின் பெயரைச் சொல்ல மாட்டேன், அதையும் யூடியூபில் தேடுவீர்கள்.

எச்சில் விழுங்க முடியவில்லை, வாயோரம் ஒழுகுகிறது, வாயில் சூடான உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குரல் மாறுகிறது, தாடைக்கு அடியில் கல்போல வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நடுராத்திரி ஆனாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இவை எதுவும் இல்லை, வாய் மட்டும்தான் திறக்கவில்லை என்றால் இன்றைக்கே பல் மருத்துவர். நாளை அல்ல.

ஒரு வருடமாக வலி அடங்கிவிடுகிறது என்கிறீர்கள். வலி அடங்கியது, நோய் அடங்கவில்லை. கடைக்காரர் கொடுத்த ஆன்டிபயாடிக்கை இரண்டு நாள் போட்டுவிட்டு, வலி விட்டதும் மீதியை அலமாரியில் வைத்திருப்பீர்கள். ஈறுக்கு அடியில் சிக்கிய சோறும் அழுக்கும் அங்கேயே கிடக்கின்றன. அதைக் கழுவி எடுக்க எந்த மாத்திரைக்கும் கை கிடையாது. போதாததற்கு வலி மாத்திரை காய்ச்சலையும் அமுக்கிவிடுவதால், தொற்று பரவுவதே உங்களுக்குத் தெரியாமல் போகிறது. கிராம்புத் தைலம் வேண்டாம். நேராக ஊற்றி ஈறு வெந்துபோய் வருபவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

சரி, உங்கள் உண்மையான பயத்துக்கு வருகிறேன். முகத்தை அசைக்கும் நரம்பு வேறு, கீழ் ஞானப்பல்லின் வேருக்கு அருகே ஓடும் நரம்பு வேறு. பின்னது உணர்ச்சி நரம்பு. அதற்கு அடிபட்டால் கீழ் உதடும் தாடை நுனியும் மரத்துப்போகும், வாய் கோணாது. பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். மிகச் சிலருக்கு மரப்பு தங்கிவிடுவதும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். அதற்காகத்தான் முழுத் தாடை எக்ஸ்ரே எடுக்கிறோம். வேர் நரம்பை ஒட்டியிருந்தால் ஸ்கேன் செய்து பார்க்கலாம். ரொம்ப நெருக்கம் என்றால் பல்லின் தலையை மட்டும் எடுத்துவிட்டு வேரை விட்டுவைக்கும் முறையும் இருக்கிறது. “நரம்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?” என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். படத்தை வைத்துக் காட்டுவார்.

பார்வை போகாது. பார்வை நரம்புக்கும் பல்லுக்கும் தொடர்பே இல்லை, அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நான்கையும் எடுக்கத் தேவையில்லை. தொல்லை தராத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாகப் பிடுங்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி பிரிட்டனில் 2000-லேயே அரசு வழிகாட்டுதல் வந்துவிட்டது.

இப்போதைக்கு மருத்துவர் அந்த இடத்தைக் கழுவி, சீழ் இருந்தால் வடியவிட்டு, சரியான மருந்தை முழு அளவுக்குத் தருவார். வாய் திறந்த பிறகு பெரும்பாலும் பல்லை எடுப்பார். எடுத்த பின் இரண்டு மூன்று நாள் கன்னம் வீங்கத்தான் செய்யும். முதல் நாள் துப்பாதீர்கள், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள். புகைப்பழக்கம் இருந்தால் ஒரு வாரமாவது தொடாதீர்கள். வலி குறைந்துகொண்டே வந்து மூன்றாம் நான்காம் நாள் திடீரென்று காதுவரை தெறித்தால், குழியில் உறைந்த ரத்தம் கழன்றுவிட்டது. திரும்பப் போனால் மருந்து வைத்து அனுப்புவார், பயப்பட ஒன்றுமில்லை.

கிளம்பும்போது இதுவரை விழுங்கிய மாத்திரை அட்டைகளையெல்லாம் எடுத்துச் செல்லுங்கள். “வெள்ளையா ஒரு மாத்திரை டாக்டர்” என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது.