அறிவியல் படித்துவிட்டுப் புள்ளியியல் எம்.எஸ்ஸி.: கேள்வி பதில்

இயற்பியலில் பி.எஸ்ஸி., புள்ளியியலில் எம்.எஸ்ஸி. படித்தவள் நான். துறை மாற நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருடம், அக்கா. அலைடு மேத்ஸ், அதாவது துணைப்பாடமாகக் கணிதம் மட்டும்தான் படித்திருக்கிறேன். இடம் கிடைக்குமா?

சேரும் இடத்தைப் பொறுத்தது. பி.எஸ்ஸி. புள்ளியியல், அல்லது புள்ளியியலை அலைடாகப் படித்த பி.எஸ்ஸி. கணிதம்தான் வேண்டும் என்று கேட்கும் கல்லூரிகள் உண்டு. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வில் மேத்தமேட்டிக்கல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தாளை எந்தப் பட்டம் படித்தவரும் எழுதலாம். ஆனால் எழுதுவது வேறு, சேர்வது வேறு. சேரும்போது கணிதமோ புள்ளியியலோ எத்தனை செமஸ்டர் படித்தீர்கள் என்று பார்ப்பார்கள். நம் ஊரில் பல கல்லூரிகளில் அலைடு மேத்ஸ் 2 செமஸ்டரோடு முடிந்துவிடுகிறது. பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான். மதிப்பெண் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வருட அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள்.

ஆர், பைத்தான் என்ற இரண்டு கணினி மொழிகளையும் கற்றுக்கொண்டிருக்கிறேன். போதுமா?

போதாது. முதலில் தேவைப்படுவதும் அது இல்லை.

அப்புறம் எதைத்தான் முதலில் படிப்பது?

நிகழ்தகவு. அதற்குத் துணையாகப் பல மாறிகளில் தொகையீடு, அணிகள், தொடர்களின் ஒருங்கல் (கூட்டிக்கொண்டே போனால் ஒரு குறிப்பிட்ட மதிப்பை நெருங்குமா என்பது). நாம் இயற்பியலில் தொகையீட்டைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம், அது ஒருங்குமா என்று கேட்பதில்லை. இங்கே அதை நிரூபிக்கச் சொல்வார்கள். முதல் செமஸ்டரில் வலிப்பது இதுதான்.

ஆனால் உங்களிடம் இருக்கும் சரக்கும் குறைவில்லை. மேக்ஸ்வெல்லின் மூலக்கூறு வேகப் பரவலை நினைத்துப் பாருங்கள். மூன்று திசைவேகக் கூறுகளும் ஒன்றையொன்று சாராத இயல்நிலைப் பரவல்கள். ஒவ்வொன்றையும் அதன் திட்ட விலக்கத்தால் வகுத்து, வர்க்கப்படுத்திக் கூட்டினால் வருவது டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (கூட்டிய சாராத கூறுகளின் எண்ணிக்கை) 3 கொண்ட கை-ஸ்கொயர் பரவல். புள்ளியியல் வகுப்பில் புதிதாக அறிமுகமாகும் ஆளை நீங்கள் ஏற்கெனவே வெப்ப இயற்பியலில் சந்தித்தாயிற்று.

நுண்ணுயிரியல் படித்தவள். பிளஸ் டூவுக்குப் பிறகு கணிதமே தொடவில்லை.

நேராகக் கணிதப் புள்ளியியலுக்குப் போனால் திணறுவீர்கள், சும்மா தைரியம் சொல்ல விரும்பவில்லை. மருத்துவ, உயிரியல் தரவுகளை ஆராயும் உயிர்ப்புள்ளியியல் பக்கம் பாருங்கள். வேலூர் சி.எம்.சி.யிலேயே அதில் எம்.எஸ்ஸி. இருக்கிறது. அங்கும் எந்தப் பட்டத்தை ஏற்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

இந்தத் துறை என்ன செய்யும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1956இல் இங்கே தொடங்கிய ஆய்வில் 193 காசநோயாளிகளை ரேண்டமாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வீட்டிலும் மறுபாதிக்குச் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையிலும் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், கூட இருந்த குடும்பத்தாருக்கும் தொற்று கூடவில்லை. சானடோரியத்தின் காலம் முடிந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

நேர்முகத்தில் "ஏன் துறை மாறுகிறீர்கள்?" என்று கேட்டால்?

1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மஹலனோபிஸ் இயற்பியல் பேராசிரியர், சிறிய மாதிரிகளின் சராசரிகளை ஒப்பிட உதவும் டி-சோதனையைத் தந்த வில்லியம் காசெட் மதுபான ஆலையில் வேதியியலாளர் என்று ஆரம்பிக்காதீர்கள். கேட்டுக் கேட்டு அவர்களுக்குச் சலித்திருக்கும். உங்கள் ஆய்வகத்தில் ஒரே அளவீடு ஏன் ஒவ்வொரு முறையும் வேறாக வந்தது, அதை என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

பி.எஸ்ஸி. வேதியியல். எம்.எஸ்ஸி. புள்ளியியல் முடித்தால் ஐ.எஸ்.எஸ். எழுதலாமா?

தாராளமாக. இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்குப் புள்ளியியலில் முதுகலை இருந்தால் போதும், இளங்கலை எதுவானாலும் சரி. பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 30, அதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.