கொசுப் புகை வரும்போது ஜன்னலைச் சாத்தணுமா, திறக்கணுமா?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் முதல் மாடியில் இருக்கிறோம். மழைக்காலத்தில் மாநகராட்சி ஆட்கள் தெருவில் கொசுப் புகை அடிக்க வருவார்கள். ஏழு வயது மகனுக்கு வீசிங் உண்டு; வீட்டில் மீன் தொட்டியும் இருக்கிறது. நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். திறந்து வைத்தால்தான் கொசு சாகும் என்கிறார் மாமியார். எது சரி?

பதில்: கொசுவைப் பொறுத்தவரை உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள்ளே, கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணி மறைவிலும் ஒதுங்கியிருக்கும். புகை உள்ளே வராவிட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் வீசிங் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நான் சாத்தத்தான் சொல்வேன்.

வெள்ளையாகக் கிளம்பும் அந்தப் புகையில் பூச்சிமருந்து கொஞ்சம்தான். பெரும்பகுதி டீசல் அல்லது மண்ணெண்ணெய். மெஷினின் சூட்டில் அது மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகளாகிறது. மூச்சுக்குழாயைக் கிளறிவிட இதுவே போதும். மருந்தாக மாலத்தியான் கலப்பதும் உண்டு. நரம்பைத் தாக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகை அது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைச் சேர்த்தது. எப்போதோ ஜன்னல் வழியே முகர்ந்தவர் இதற்காகப் பதற வேண்டாம். முகக்கவசம்கூட இல்லாமல் தினமும் மெஷினைச் சுமக்கிறவரை நினைத்தால்தான் எனக்குக் கவலை. அப்புறம், புகைக்குப் பின்னால் ஓடுகிற பிள்ளைகள்; அவர்களைக் கட்டாயம் தடுங்கள்.

சத்தம் கேட்டதுமே மகனைத் தெருப்பக்கம் இல்லாத அறைக்கு அனுப்பிவிடுங்கள். இன்ஹேலர் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சாப்பாட்டையும் குடிதண்ணீரையும் மூடுங்கள், மாடியில் காயும் துணியை எடுத்துவிடுங்கள். தெருவில் புகை முழுக்கக் கலைந்த பிறகு, அரை மணி நேரம் கழித்து ஜன்னலைத் திறந்து ஃபேன் போடுங்கள்.

மீன் தொட்டியை மூடினால் மட்டும் போதாது. ஏர் பம்பையும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அறைக் காற்றில் உள்ள மருந்தை அதுவே உறிஞ்சித் தண்ணீருக்குள் விடும். புகையில் பயன்படும் பைரித்ராய்டு வகை மருந்துகள் நமக்குச் சிறிய அளவில் பெரிய கெடுதல் செய்யாது, மீனுக்கோ கொடிய விஷம். தேனீ, தட்டான் எல்லாம் அப்படித்தான். ஏரி, குளத்தின் ஓரத்தில் புகை அடிப்பதை எதிர்ப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

இன்னொன்று. ஜன்னலைச் சாத்திவிட்டு இரவில் கொசுவர்த்தி ஏற்றாதீர்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வரலாம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. தெருப்புகை போய்விடும், இது விடிய விடிய அறைக்குள்ளேயே சுற்றும். கொசுவலை கட்டுங்கள்.

புகை பறக்கிற கொசுவை மட்டுமே கொல்லும், தண்ணீரில் இருக்கும் கொசுப்புழுவைத் தொடாது. முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய பத்து நாள் ஆகும். அதனால் ஃபிரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு, டிரம் எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். தேய்ப்பது முக்கியம், முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தபடியே உயிரோடிருக்கும்.

கண் எரிந்தால் ஓடும் தண்ணீரில் கழுவினால் போதும். இன்ஹேலருக்கும் இழுப்பு அடங்காவிட்டாலோ, எச்சில் வழிதல், அதிக வியர்வை, தசைத் துடிப்பு தெரிந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். என்ன மருந்து அடித்தார்கள் என்று விசாரித்து டாக்டரிடம் சொல்லுங்கள். மாலத்தியானுக்கும் பைரித்ராய்டுக்கும் சிகிச்சை வேறு வேறு.