பேட்டரியைத் தலைகீழாக இணைத்த பிறகு ஸ்டார்ட் ஆகாத பழைய கார்

கேள்வி: என்னிடம் 1961-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் கார் இருக்கிறது. புதிய பேட்டரி பொருத்தியபோது, இன்றைய கார்களில் இருப்பதுபோல நெகட்டிவ் முனையை பாடியுடன் இணைத்துவிட்டேன். சாவியைத் திருப்பியவுடன் கருகல் வாடை வந்தது. இது பாசிட்டிவ் எர்த் கார், அதாவது பாசிட்டிவ் முனையை பாடியுடன் இணைக்க வேண்டிய கார் என்பது அதற்குப் பிறகே தெரிந்தது. முனைகளை மாற்றி இணைத்த பின் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, விளக்குகள் எரிகின்றன, ஃபியூஸ்கள் இரண்டும் நன்றாக உள்ளன; ஆனால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. டிஸ்ட்ரிப்யூட்டரில் முந்தைய உரிமையாளர் பாயின்ட்டுக்கு (காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் சிறு சுவிட்ச்) பதிலாக எலக்ட்ரானிக் யூனிட் பொருத்தியிருக்கிறார். காயில், டிஸ்ட்ரிப்யூட்டர், ஒயரிங் அனைத்தையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: எதையும் இப்போது வாங்காதீர்கள். முதலில் பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு, அந்த வாடை எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். டைனமோவிலிருந்து ரெகுலேட்டர் பெட்டிக்குச் செல்லும் ஒயர்கள், சாவி சுவிட்சின் பின்புறம், காயில் முனைகள் ஆகிய இடங்களில் காப்பு உருகியோ நிறம் மாறியோ இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். உருகிய ஒயர் ஒன்று பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது மீண்டும் மின்சாரம் கொடுப்பது, பெட்ரோல் ஓடும் வண்டியில் தீயை வரவழைப்பதாகும். ஃபியூஸ் நன்றாக இருப்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கால லூகாஸ் நிறுவன ஒயரிங்கில் காயிலுக்குச் செல்லும் வெள்ளை ஒயர் எந்த ஃபியூஸ் வழியாகவும் செல்வதில்லை. ஆகவே இக்னிஷன் பகுதியில் எது கருகினாலும் ஃபியூஸ் அதைக் காட்டிக்கொடுக்காது.

ஸ்டார்ட்டர் தப்பியதில் வியப்பில்லை. அதன் ஃபீல்டு சுருளும் ஆர்மேச்சரும் தொடராக இணைந்திருப்பதால் மின்சாரத்தின் திசை மாறும்போது இரண்டிலும் காந்தத் திசை சேர்ந்தே மாறுகிறது. அதனால் மோட்டார் அதே பக்கம்தான் சுற்றும். விளக்குகளுக்கும் திசை ஒரு பொருட்டல்ல. பாயின்ட், கண்டென்சர், காயில் ஆகியவைகூட சிறிது நேரத் தலைகீழ் இணைப்பைப் பெரும்பாலும் தாங்கிவிடும். தாங்காதது டிரான்சிஸ்டர், டயோடு போன்ற எலக்ட்ரானிக் பாகம் உள்ள பொருள் மட்டுமே. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், அந்த எலக்ட்ரானிக் யூனிட்தான் போயிருக்கிறது என்பது என் வலுவான எண்ணம். ஆனாலும் அதைச் சோதித்தே உறுதி செய்ய வேண்டும்.

இதற்கு 12 வோல்ட் பல்பும் இரண்டு ஒயர்களும் போதும். பல்புக்கு எந்தப் பக்கம் எர்த் என்ற கவலை இல்லை என்பதால், உங்கள் காருக்கு மல்டிமீட்டரைவிட இது குழப்பம் குறைந்த கருவி. ஒரு ஒயரை எஞ்சினின் சுத்தமான இரும்புப் பகுதியில் இணைத்து, சாவியைப் போட்டு, மற்ற ஒயரைக் காயிலின் எஸ்.டபிள்யூ. என்று குறித்த முனையில் தொடுங்கள். பல்பு எரியாவிட்டால் குறை சாவி சுவிட்சிலோ வெள்ளை ஒயரிலோ இருக்கிறது. காயிலையும் டிஸ்ட்ரிப்யூட்டரையும் அதன் பிறகு சந்தேகித்தால் போதும். எரிந்தால், டிஸ்ட்ரிப்யூட்டருக்குச் செல்லும் சி.பி. முனையில் தொட்டபடி வேறொருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். பல்பு விட்டுவிட்டு மின்ன வேண்டும். தொடர்ந்து எரிந்தால், காயிலைக் கடந்து வரும் மின்சாரத்தை யூனிட் எர்த்துடன் இணைக்கவே இல்லை என்று பொருள். ஒருபோதும் எரியாவிட்டால், டிஸ்ட்ரிப்யூட்டர் ஒயரை மட்டும் சி.பி. முனையிலிருந்து கழற்றிவிட்டு மீண்டும் பாருங்கள்: இப்போது எரிந்தால் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் ஷார்ட் இருக்கிறது, அப்போதும் எரியாவிட்டால்தான் காயிலின் சுருள் அறுந்திருக்கிறது. இத்தனை சோதனைக்கும் சாவியை நெடுநேரம் போட்டபடி விட்டுவிடக் கூடாது. எஞ்சின் ஓடாத நிலையில் காயில் சூடேறிக் கெட்டுவிடும்.

யூனிட் போயிருப்பது உறுதியானால், புதியது வாங்கும் முன் பழைய பாயின்ட்டையும் கண்டென்சரையும் பொருத்தி, இடைவெளியை 0.38 மி.மீ. அளவில் வைத்து ஓட்டிப் பாருங்கள். கார் அதிலேயே ஸ்டார்ட் ஆனால் மற்ற எல்லாம் நலம் என்பது செலவின்றித் தெரிந்துவிடும். பிறகு யூனிட் வாங்குவதானால் பாசிட்டிவ் எர்த்துக்கென்றே செய்யப்பட்டதாகக் கேட்டு வாங்குங்கள். காயிலில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்ற குறிகளுக்குப் பதில் கூட்டல், கழித்தல் குறிகள் இருந்தால், உங்கள் காரில் டிஸ்ட்ரிப்யூட்டர் ஒயர் கூட்டல் முனையில் இருக்க வேண்டும். மாறியிருந்தாலும் எஞ்சின் ஓடும். ஆனால் பிளக்கின் சூடான நடு முனையிலிருந்து எலக்ட்ரான்கள் எளிதாகக் கிளம்பும் நன்மை இழக்கப்பட்டு, பொறி வலுவிழக்கும்.

சாவியைப் போட்டதும் பெட்ரோல் பம்ப் டிக்டிக் என்று அடித்து நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள். பழைய எஸ்.யு. நிறுவன பம்புகள் இரு திசையிலும் இயங்கும். டயோடு சேர்த்த பிற்கால வகை தலைகீழ் இணைப்பில் கெட்டிருக்கலாம்.

கேள்வி: இதேபோல் முனை மாறிய என் டைனமோ கார் இப்போது ஓடுகிறது, ஆனால் சார்ஜ் விளக்கு அணைவதே இல்லை. டைனமோ எரிந்துவிட்டதா?

பதில்: எரிந்திருக்க வேண்டியதில்லை. டைனமோவின் இரும்பில் எஞ்சி நிற்கும் காந்தம் திசை மாறியிருக்கலாம். அப்படியானால் அது தலைகீழ் மின்சாரத்தையே உண்டாக்கும். அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள். கட்-அவுட்டின் (டைனமோவைப் பேட்டரியுடன் தானாக இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச்) முனைகள் ஒட்டிக்கொண்டு ஒயர் கருகக்கூடும். லூகாஸ் டைனமோவாக இருந்தால், எஞ்சினை நிறுத்தி, டி (மின்சாரம் வெளிவரும் முனை), எஃப் (ஃபீல்டு சுருள் முனை) ஆகிய இரண்டு ஒயர்களையும் டைனமோவிலிருந்து கழற்றுங்கள். பேட்டரியில் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு ஒயரைக் கொண்டுவந்து எஃப் முனையில் இரண்டு மூன்று முறை லேசாகத் தொட்டு எடுங்கள். சிறு பொறி தெறிக்கும். அதுபோதும், காந்தம் சரியான திசைக்குத் திரும்பிவிடும். ஃபீல்டு சுருளை ரெகுலேட்டருக்குள் எர்த் செய்யும் வேறு வகை டைனமோக்களுக்கு இந்த முறை பொருந்தாது. அவற்றுக்குரிய கையேட்டைப் பார்த்த பிறகே தொடுங்கள்.

கேள்வி: ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது கேபிள் தவறுதலாக உரசிப் பெரும் பொறி பறந்தது. அதிலிருந்து, ஸ்டார்ட்டர் சுற்றும்வரை எஞ்சின் பிடிக்கிறது. சாவியை விட்டவுடன் நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: உங்கள் காரில் பலாஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குச் செல்லும் மின்னழுத்தத்தைக் குறைக்கும் தடை) இருக்கிறது என்றால், பெரும்பாலும் அது அறுந்திருக்கும். இத்தகைய கார்களில் சுமார் 1.5 ஓம் காயில் இருக்கும். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் மட்டும் அதற்கு முழு மின்னழுத்தம் நேராகச் செல்லும். சாவி ஓட்ட நிலைக்கு வந்ததும் ரெசிஸ்டர் வழியாகக் குறைந்து செல்லும். அந்த இரண்டாம் வழி இப்போது அடைபட்டிருக்கிறது. ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் பல்பை வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் எரியும், மறுபக்கம் எரியாது. இரண்டு பக்கமும் எரியாவிட்டால் சாவி சுவிட்சின் ஓட்ட நிலை இணைப்பைச் சோதியுங்கள். ஒயரால் ரெசிஸ்டரைத் தாண்டி இணைத்து ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். சோதனைக்காகச் சில விநாடிகள் செய்வது சரி, அப்படியே விட்டால் பாயின்ட்டும் காயிலும் கருகிவிடும். அதே மதிப்புள்ள ரெசிஸ்டரையே வாங்கிப் பொருத்துங்கள்.