உடையில் உங்களுக்கென்று ஒரு பாணி: கேள்வி பதில்

கைத்தறிச் சேலை விற்பனையிலும் தையலிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டவள் என்பதால், தமக்குரிய உடைப் பாணியைக் கண்டுகொள்வது எப்படி என்று உறுப்பினர்கள் பலர் என்னிடம் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அலமாரி நிறையத் துணி இருந்தும், காலையில் எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கிறேன். எங்கிருந்து தொடங்குவது? (ஆசிரியை, சேலம்)

துணிக் கடையிலிருந்து தொடங்காதீர்கள். துணி காயப்போடும் கொடியிலிருந்து தொடங்குங்கள். இரண்டு மாதங்களுக்கு உங்கள் கொடியில் திரும்பத் திரும்ப எவையெல்லாம் காய்கின்றன என்று கவனித்து, அவற்றை மட்டும் ஒரு நாள் கட்டிலில் பரப்பிவையுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், தமக்குப் பட்டுதான் பிடிக்கும் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர், இப்படிப் பரப்பிப் பார்த்தபோது பெரும்பாலானவை கோவை கோரா காட்டனாகவும், குறுகிய கரை உடையவையாகவும், கழுத்து மூடிய ஜாக்கெட்டுகளோடு உடுத்தியவையாகவும் இருந்தன. அவருடைய பாணி ஏற்கெனவே அங்கேதான் இருந்தது; அவர் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். உடுத்தாமல் கிடப்பவற்றையும் ஒதுக்கிவிடாமல், ஒவ்வொன்றும் ஏன் வீட்டுக்கு வந்தது என்று கேட்டுப் பாருங்கள். நாத்தனார் எடுத்துக் கொடுத்தது, ஆடித் தள்ளுபடியில் விலைக்காக வாங்கியது, கடைப் பொம்மைமேல் அழகாகத் தெரிந்தது என்றே பதில்கள் வரும்.

நான் நல்ல கருப்பு. வெளிர் நிறங்கள்தான் எனக்கு எடுக்கும் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி, என்னிடம் இருப்பதெல்லாம் சந்தன நிறமும் வெளிர் ரோஜாவுமாக இருக்கின்றன. அது உண்மையா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

உண்மை இல்லை. அரக்கும், மாம்பழ மஞ்சளும், கிளிப்பச்சையும் கருத்த மேனியில் நிற்பதுபோல் வேறெங்கும் நிற்பதில்லை என்பது என் கண் கண்டது. வெளிர் நிறங்களிலும் உங்களுக்குப் பொருந்துபவை இருக்கக்கூடும், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது வீட்டார் வாய்ச்சொல் அல்ல, பகல் வெளிச்சம். கடை விளக்குகளின் கீழ் அரக்கு ஒரு நிறமாகவும் தெருவில் வேறு நிறமாகவும் தெரியும் என்பதால், சேலையை வாசல் வரை எடுத்துச் சென்று, தோளில் போட்டுக் கண்ணாடியைப் பாருங்கள். முதலில் உங்கள் முகம் கண்ணில் பட்டால் அந்த நிறம் உங்களுடையது. துணி மட்டுமே கண்ணில் பட்டால் மடித்துக் கொடுத்துவிடுங்கள்.

முகத்துக்கு மிக அருகில் இருப்பது சேலையின் உடல் அல்ல, ஜாக்கெட்டும் தோளில் விழும் முந்தியுமே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காஞ்சிபுரத்தின் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் (தறியில் குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் கருவி) நெய்யப்பட்டுக் கோர்க்கப்படுவதால், ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறுபட்ட இரு நிறங்கள் ஒரே சேலையில் தெளிவாக நிற்கும். ஆகவே மிகவும் பிடித்தும் முகத்துக்கு ஒத்துவராத நிறத்தை உடலில் வைத்துக்கொண்டு, ஒத்துவரும் நிறத்தைக் கரையிலும் முந்தியிலும் ஜாக்கெட்டிலும் கொண்டுவரலாம். மயில் கழுத்து போன்ற நிறங்களையும் பாருங்கள். பாவு (நீளவாக்கு நூல்) ஒரு நிறமும் ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறமுமாக நெய்வதால் மடிப்புக்கு மடிப்பு அவை மாறும். ஒரு நிறம் ஒருவரோடு எவ்வளவு ஒட்டிக்கொள்ள முடியும் என்பதற்கு எம்.எஸ். சுப்புலட்சுமியைவிடச் சான்று வேண்டுமா? அவர் மேடையில் உடுத்திய அந்த நீலத்தை இன்றும் 'எம்.எஸ். நீலம்' என்று பெயர் சொல்லித்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

உயரம் குறைவு. பெரிய கரை உடுத்தலாமா? (கோயம்புத்தூர்)

ஒரு சாண் அகலக் கரை சேலை உடலின் நிறத்துக்கு நேர் எதிரான நிறத்தில் இருந்தால் உருவத்தை இரண்டாக வெட்டிக் காட்டும். அதே கரை உடலின் நிறத்திலேயே இருந்தால் அவ்வளவாகக் காட்டாது. ஆசை இருந்தால் உடுத்துங்கள்.

மென்பொருள் அலுவலகத்தில் இருக்கிறேன். ஆண்களுக்குப் பாணி என்று தனியாக என்ன இருக்கிறது, சட்டையும் பேண்ட்டும்தானே? (சென்னை)

சட்டை என்பதாலேயே அளவுதான் எல்லாம். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் அமர வேண்டும். பக்கவாட்டைப் பிடித்துக் கொடுக்க எந்தத் தையற்காரராலும் முடியும். தோளைத் திருத்த வேண்டுமானால் கையைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டியிருக்கும் என்பதால், கடையில் முதலில் தோளைப் பாருங்கள், விலைச்சீட்டைப் பிறகு பாருங்கள். நன்றாக அமர்ந்த ஒரு சட்டையை அளவுச் சட்டையாக வைத்துக்கொண்டு, கைத்தறித் துணி எடுத்து அதன்படி நான்கு தைத்துக்கொண்டால் ஓராண்டுக்குக் கவலை இல்லை. வேட்டியைத் தீபாவளிக்கு மட்டும் எடுப்பவராக இருந்தால், அந்த நாளில் அதில் எவ்வளவு இயல்பாக நடக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள்.

எனக்கு 58 வயது. கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து சாம்பலும் வெள்ளையும்தான் உடுத்துகிறேன். மகள் வற்புறுத்துகிறாள், எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் எது எனக்குப் பிடிக்கும் என்பதே மறந்துவிட்டது. (மதுரை)

அம்மா, உங்களுக்கு முன்பு பிடித்தது எது என்று தேட வேண்டாம். இப்போது கை எதன்மேல் போகிறது என்று பார்த்தால் போதும். உங்கள் ஊரிலேயே சுங்குடி இருக்கிறது. துணியைச் சிறு சிறு முடிச்சுகளாக நூலால் கட்டிச் சாயத்தில் முக்குவதால், முடிச்சிட்ட இடம் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். நான்கு ஆண்டுகளாக உங்கள் கண்ணுக்குப் பழகிய வெள்ளை அந்தப் புள்ளிகளில் இருக்கும். சுற்றிலும் நாவல்பழ நிறமோ, கரும்பச்சையோ இருக்கும். பருத்தி என்பதால் மதுரை வெயிலுக்கும் இதமானது. ஒன்றே ஒன்று வாங்கி, யாரும் பார்க்காத ஒரு பிற்பகலில் வீட்டுக்குள்ளேயே உடுத்திக்கொண்டு வேலை பாருங்கள். மாலையில் கழற்ற மனம் வரவில்லை என்றால், அப்படியே கடைத்தெரு வரை போய் வாருங்கள்.