ஜெடியின் பிறந்த ஆண்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பள்ளி நாட்களிலிருந்தே எனக்கு ஸ்டார் வார்ஸ் பைத்தியம். எல்லாப் படங்களையும் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த 2024 ஜூனில் வந்துகொண்டிருக்கும் 'தி அகோலைட்' தொடரின் நான்காம் பகுதி பற்றித்தான் இந்தக் கடிதம். 1999-ல் வந்த 'தி ஃபேன்டம் மெனஸ்' படத்துக்கு நூறு ஆண்டு முந்தைய கதை இது. அதில் கி-ஆடி-முண்டி என்ற ஜெடி (ஒளிவாள் ஏந்தும் வீரர்) வந்து நிற்கிறார். எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி என்று கீழே குறித்திருக்கிறேன். அவர் அப்போது பிறக்கவே இல்லை! அதற்கு முந்தைய பகுதியில் சூனியக்காரிகள் ஃபோர்ஸ் என்ற மாய ஆற்றலைக் கொண்டே இரட்டைக் குழந்தைகளை உண்டாக்கிவிட்டார்கள். அப்படியென்றால் 1999 படத்தில் தந்தையில்லாமல் பிறந்தவனாக வரும் அனாகினுக்கு என்ன மரியாதை? காற்றில்லாத விண்வெளியில் தீ வேறு எரிகிறது. அரை நட்சத்திரம் போட்டுவிட்டேன். கூட உட்கார்ந்து பார்த்த என் மகளுக்கு (வயது பன்னிரண்டு) பாதியில் நிறுத்தி இதையெல்லாம் விளக்கினேன். எழுந்து போய்விட்டாள். இந்தத் தலைமுறைக்கு எதிலும் அக்கறை இல்லை. மிச்சப் பகுதிகளைப் பார்க்கலாமா, இதோடு விட்டுவிடலாமா? என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

நிமிடக் கணக்கை நீக்கிவிட்டுத்தான் கடிதத்தைப் பிரசுரிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. ஆனால் சென்ற மாதம், 2024 மே மாதம், 'தி ஃபேன்டம் மெனஸ்' இருபத்தைந்தாம் ஆண்டை ஒட்டி மறுபடி திரையரங்குகளுக்கு வந்ததிலிருந்து என்னை ஒன்று உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

தீயை முதலில் அணைத்துவிடலாம். 1977-லிருந்து இந்தக் கதையில் வெற்றிடத்தில் கப்பல்கள் இரைச்சலோடு பறக்கின்றன, காது கிழிய வெடிக்கின்றன. அத்தனை சத்தத்தையும் ரசித்துக் கேட்டவர் ஒரு தீயைக் கண்டதும் இயற்பியல் வாத்தியார் ஆகிவிடுவதை என்னவென்று சொல்ல? அனாகின் விஷயமும் அப்படித்தான். இன்னொருவரும் அதே மாதிரி பிறந்தால் முதலாமவரின் மரியாதை போய்விடும் என்றால் புராணங்களில் ஒருவருக்கும் மரியாதை மிஞ்சாது. விடுங்கள்.

பிறந்த ஆண்டை மட்டும் விட முடியவில்லை. கி-ஆடி-முண்டியின் வயதை எந்தப் படமும் சொல்லவில்லை. 1999 வாக்கில் படத்தோடு சேர்த்து விற்ற துணைச் சரக்குகளிலிருந்து ரசிகர்கள் பொறுக்கியெடுத்துச் சேர்த்த தகவல் அது. அப்படிப்பட்ட பழைய துணைக்கதைகளையெல்லாம் படங்களைத் தயாரிக்கும் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் 2014-லேயே 'லெஜெண்ட்ஸ்' என்று பெயரிட்டு ஓரமாக வைத்துவிட்டது. நான்காம் பகுதி வந்த கையோடு, ரசிகர்களே எழுதும் இணையக் கலைக்களஞ்சியமான வூக்கிபீடியாவில் அந்த ஆண்டைத் திருத்தினார்கள். திருத்தியவர்களுக்குக் கொலை மிரட்டல் வந்தது. சம்பளமில்லாமல் ஒரு கலைக்களஞ்சியத்தைப் பேணுகிறவர்களுக்கு, பிறக்காத ஒருவரின் பிறந்த ஆண்டை மாற்றியதற்காக! இன்னொரு கூத்தும் நடந்தது. 2008-ல் வந்த ஓர் ஆஸ்திரேலியப் படத்தின் பெயர் 'அகோலைட்ஸ்'. பெயர் ஒத்துப்போன பாவத்துக்கு அதற்கும் மளமளவென்று மோசமான மதிப்பெண் விழுந்தது. உங்கள் அரை நட்சத்திரம் சரியான முகவரிக்குத்தான் போனதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முன்னுக்குப் பின் முரண் என்கிறீர்கள். இந்தக் கதையின் உச்சியே ஒரு முரண்தானே? 1977 படத்தில் ஓபி-வான் என்ற முதிய ஜெடி, நாயகன் லூக்கிடம் சொல்கிறார்: உன் தந்தையைக் கொன்றவன் டார்த் வேடர். வேடர்தான் படத்தின் முகமூடி வில்லன். பூடகம் எதுவும் இல்லை, அன்றைக்குக் கதையே அதுதான். அடுத்த படத்துக்கு லீ பிராக்கெட் 1978-ல் எழுதிக் கொடுத்த முதல் வரைவில் லூக்கின் தந்தை ஆவியாக வந்து மகனோடு பேசுகிறார். வேடர் அதில் வேறு ஆள். அதை எழுதிக் கொடுத்த சில வாரங்களில் அந்த அம்மையார் இறந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் இந்தக் கதையை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் வேடரையே தந்தையாக்கினார். படப்பிடிப்பில் முகமூடிக்குள் இருந்த டேவிட் ப்ரௌஸிடம்கூட அதைச் சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்த வசனம் வேறு. லூக்காக நடித்த மார்க் ஹாமிலுக்குக் காட்சி எடுக்கும் நேரத்தில்தான் காதில் போட்டார்கள். பின்னால் வேடருக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் வசனத்தைப் படித்துவிட்டு, இவன் பொய் சொல்கிறான் என்றே நினைத்தாராம். குரல் கொடுத்தவரே நம்பவில்லை!

1980-ல் வூக்கிபீடியா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? லூக்கின் தந்தை பக்கத்தில் 'இறப்பு: வேடரின் கையால்' என்று அடிக்குறிப்போடு இருந்திருக்கும். நீங்கள் படத்தை அந்த இடத்தில் நிறுத்தி, எத்தனையாவது நிமிடம் என்று குறித்துக்கொண்டு, அரை நட்சத்திரம் போட்டிருப்பீர்கள். 1983-ல் அதற்கு ஓர் ஒட்டுப் போட்டார்கள். ஒரு கோணத்தில் பார்த்தால் நான் சொன்னதும் உண்மைதான் என்று ஓபி-வான் மழுப்புகிறார். பிடிபட்ட பெரியவர் பேசுகிற பேச்சு அது. நாம் எல்லோரும் தலையாட்டினோம். ஏன் ஆட்டினோம்?

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டு என்கிறார். அதில் ஒன்று மருட்கை, அதாவது வியப்பு. அது நான்கு இடங்களில் பிறக்கும்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். அந்த நாலையும் வைத்துக்கொண்டு முதல் இரண்டு படங்களைப் பாருங்கள். இரண்டு சூரியன்கள் சேர்ந்து சாய்கிற அந்தி, அது புதுமை. முதல் காட்சியில் தலைக்கு மேலே முடியாமல் போய்க்கொண்டே இருக்கும் அந்தக் கப்பல், அது பெருமை. முழங்கால் உயரத்தில் ஒரு கிழவர், அவர்தான் ஆசான் என்பது சிறுமை. ஆக்கம் என்பது ஒன்று இன்னொன்றாவது. கொலைகாரன் அப்பா ஆனானே, அதைவிடவா? மருட்கைக்குத் தொல்காப்பியர் தரும் அடைமொழி 'மதிமை சாலா' என்பது. அறிவு போதாமல் கைவிரிக்கும் இடத்தில் வருவது என்று நான் புரிந்துகொள்கிறேன். நீங்கள் எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருக்கிறீர்கள். தெரியாத ஒன்று வந்தால் அது தப்பு. உங்களிடம் எங்கிருந்து ஐயா வியப்பு வரும்?

வராத இடத்தில் வேறொரு மெய்ப்பாடு வந்து உட்கார்ந்துகொள்கிறது, வெகுளி. அதற்கும் நான்கு காரணம் உண்டு: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. கைகாலை வெட்டினால், குடியை நலிந்தால், அடித்து வைதால், கொல்ல வந்தால் மனிதனுக்குக் கோபம் வரும். ஒரு கற்பனை ஜெடியின் பிறந்த ஆண்டு இதில் எதில் சேரும் என்று இரண்டு நாள் யோசித்தேன். குடிகோள்தான். உங்களுக்கு அது கதையாக இல்லை, குலமாகிவிட்டது. யாரோ வந்து உங்கள் குடியில் கைவைத்துவிட்டார்கள். அந்தக் கோபம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கும் இருந்தது.

1999-ல் நான் இளைஞன். 'தி ஃபேன்டம் மெனஸ்' பார்த்துவிட்டு வந்து ஒரு சிற்றிதழுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அதில் ஜார் ஜார் பிங்க்ஸ் என்று ஒரு காது நீண்ட பிராணி வரும். தடுக்கி விழும், நாக்கை நீட்டும், உளறும். கணினியில் உருவாக்கினாலும் அதன் நடையும் குரலும் ஒரு மனிதருடையவை என்று எனக்குத் தெரியும். பெயரைத் தேடிப் பார்க்கவில்லை. 'கயிறு அறுந்த பொம்மை' என்று எழுதினேன். நண்பர்கள் அந்த வரியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் எழுத்தாளன் ஆகிவிட்டேன் என்று எனக்கு முதன்முதலில் தோன்றியது அந்த வாரம்தான்.

அவர் பெயர் அகமது பெஸ்ட். மேடைக் கலைஞர். உண்மையான நடிகர்களோடு படம் முழுக்க வந்து பேசி நடித்த ஒரு கணினிப் பாத்திரத்துக்கு உடம்பையும் குரலையும் கொடுத்த முன்னோடி. பின்னால் அந்த வழியில் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களில் வந்த கொல்லம் என்ற பாத்திரத்தை உலகமே கொண்டாடியது. 2018 ஜூலையில் பெஸ்ட் ஒரு புகைப்படம் வெளியிட்டார். பாலத்தின் மேல் தன் சின்ன மகனோடு நிற்கிறார். அன்று வந்த வசைகளுக்குப் பிறகு தன் உயிரை முடித்துக்கொள்ள நினைத்த இடம் அது என்றும், பிழைத்ததற்குக் கிடைத்த பரிசு இந்தப் பையன் என்றும் எழுதியிருந்தார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் இதே வரிசையின் 'தி லாஸ்ட் ஜெடி' படத்தில் நடித்த கெல்லி மேரி ட்ரான் வசை தாங்காமல் இன்ஸ்டாகிராமில் தன் பதிவுகளையெல்லாம் அழித்திருந்தார். 1999-ல் அனாகினாக நடித்த ஜேக் லாயிடுக்குப் படம் வந்தபோது பத்து வயது. பள்ளியில் அவனைக் கண்டாலே மற்ற பிள்ளைகள் ஒளிவாள் ஓசையை எழுப்புவார்களாம்.

என் ஒன்றரைப் பக்கத்தை அகமது பெஸ்ட் படித்திருக்க வழியே இல்லை. தமிழில் எழுதியது, முந்நூறு பேர் படித்திருந்தால் அதிகம். பெஸ்ட்டின் அந்தப் புகைப்படத்தைப் பார்த்த இரவு இதைத்தான் எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். தூக்கம் வரவில்லை.

2023 மார்ச்சில் 'தி மாண்டலோரியன்' தொடரின் ஒரு பகுதியில் ஜெடிகளின் கோயில் பற்றி எரிகிறது. குழந்தை குரோகுவைக் கொல்லச் சுற்றி நிற்கிறார்கள். கதவு திறக்கிறது, இரண்டு வாளோடு ஒரு ஜெடி வந்து குழந்தையை மீட்டுக்கொண்டு பறக்கிறார். அகமது பெஸ்ட். ரசிகர்கள் ஆர்ப்பரித்தார்கள். நானும் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். கைதட்டுவதில் என்ன கஷ்டம்?

சென்ற மாதம் அந்த 1999 படம் மறுபடி வந்தபோது பார்க்கப் போனவர்களில் பலர் அன்று பத்து வயதில் அதைப் பார்த்தவர்கள். அவர்களுக்கு அது அன்றே பிடித்திருந்தது. ஜார் ஜாரையும் பிடித்திருந்தது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம்.

உங்கள் மகளுக்குப் பன்னிரண்டு வயது என்கிறீர்கள். அக்கறையில்லாத பெண்ணா அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நாலாவது பகுதிவரை பார்ப்பாள்? கோபம் வருகிறது எனக்கு. எட்டுப் பகுதிகளில் நாலு பாக்கி. நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். நான் இன்னும் இரண்டு பகுதி பின்தங்கியிருக்கிறேன், சுமாராகத்தான் இருக்கிறது. ஆனால் நிறுத்திய இடத்திலிருந்து அவளுக்குப் போட்டுவிடுங்கள்.

கி-ஆடி-முண்டி எத்தனையாவது விநாடியில் வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவள் எந்த இடத்தில் எழுந்து போனாள் என்று கடிதத்தில் இல்லை.