மூன்று நாளைக்கு அரை லிட்டர் எங்கே போகிறது?

அன்புள்ள அண்ணா,

சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறேன், ஏற்காட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியை. மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கைவிட கியரை நம்புங்கள் என்று போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் இதைக் கேட்கிறேன். என்னுடையது 2012 ஜூனில் பதிவான டீசல் செடான். ஒரே ஓனர், 2,14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரம் ஐந்து நாள் மலை ஏறி இறங்குகிறது.

கொஞ்ச நாளாக கூலன்ட் டப்பாவில் மூன்று நாளைக்கு ஒருமுறை அரை லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. கிளட்ச் கருகல் வாடை அடிக்கிறது. கீழே கடகடவென்று சத்தம். ஒர்க்‌ஷாப்பில் எழுதிக் கொடுத்தது: இன்ஜின் ஹெட் இறக்கி வேலை 45,000, கிளட்ச் செட் 16,000, சஸ்பென்ஷன் 19,000, ரேடியேட்டர் 9,000, வாட்டர் பம்ப், ஹோஸ் 5,000, ஏசி கம்ப்ரசர் 24,000. மொத்தம் 1,18,000. பழைய வண்டி வாங்குகிறவர் 1,60,000 தருவதாகச் சொல்கிறார். "ஒன்று அறுபது போகிற வண்டிக்கு ஒன்று பதினெட்டு செலவு பண்ணுவீங்களா அண்ணி" என்று என் கொழுந்தனார் சத்தம் போடுகிறார். கையில் 2 லட்சம் இருக்கிறது. 9 லட்சத்தில் புது வண்டி பார்த்து வைத்திருக்கிறோம், 7 லட்சம் கடன் வாங்க வேண்டும். சாயங்காலம் தனியாக இறங்குகிறேன், வழியில் நின்றுவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

வணக்கம் டீச்சர்,

உங்கள் கொழுந்தனார் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் அவர் போடுவது விற்கிறவர் கணக்கு. வண்டி என்ன விலைக்குப் போகும் என்பது விற்கிற அன்றைக்குத்தான் முக்கியம். நீங்கள் ஓட்டப் போகிறவர். அடுத்த மூன்று வருடம் தினமும் மலைக்குப் போய் வர இந்த வண்டியில் எவ்வளவு ஆகும், புது வண்டியில் எவ்வளவு ஆகும் என்று மட்டும் பாருங்கள். 7 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 14,500 ரூபாயைத் தாண்டுகிறது. கட்டி முடிக்கும்போது வட்டி மட்டுமே 1,70,000க்கு மேல் போயிருக்கும். 9 லட்ச ரூபாய் வண்டிக்கு தமிழ்நாட்டில் ஆயுள் வரி 13 சதவீதம், 2023 நவம்பரில் ஏற்றியது, அதாவது 1,17,000 ரூபாய். எஸ்டிமேட்டைப் பார்த்து மலைக்கிறோமே, அதே தொகையை வண்டி ஷோரூமை விட்டு வெளியே வருவதற்குள் வரியாகக் கட்டியிருப்போம், அது யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆனாலும் 1,18,000 கொடுத்து வேலையைச் செய்துவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தப் பட்டியலில் எனக்கு இடிக்கிற இடம் ஒன்று உண்டு: ஹெட் இறக்கி வேலை, 45,000. தண்ணீர் எங்கே போகிறது என்று யாராவது சோதித்துப் பார்த்தார்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் குறைகிறது, வண்டி இரண்டு லட்சம் தாண்டிவிட்டது, அப்படியானால் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, போயிருக்கும் என்று ஊகித்து எழுதியிருக்கலாம். ஊகம் சரியாகவும் இருக்கலாம், ஆனால் 45,000 ரூபாயை ஊகத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

கூலன்ட் மூன்று வழியில் போகும். வெளியே ஒழுகும், இன்ஜினுக்குள் எரிந்து போகும், அல்லது கூலன்ட் மூடி வழியாகப் பொங்கிப் போகும். இந்த மூன்றாவதைக் கீழே சமவெளியிலேயே ஓட்டுகிறவர்கள் அவ்வளவாக நினைப்பதில்லை, மலை ஏறுகிறவர்கள் நினைத்துத்தான் ஆக வேண்டும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும், இன்ஜினோ சாதாரணமாகவே 90 டிகிரியை ஒட்டித்தான் ஓடுகிறது. கொதிக்காமல் பிடித்து வைத்திருப்பது அந்த மூடிதான். உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு அழுத்தத்தை அது தாங்கி நின்றால் மலை மேலேயும் 115 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டாலோ, ரப்பர் வாஷர் வெடித்துவிட்டாலோ அழுத்தம் நிற்காது. இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடிப்பதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகவும் நுரையாகவும் வெளியே போய்க்கொண்டே இருக்கும், கீழே சேலத்தில் நிறுத்தி வைத்தால் ஒரு சொட்டுகூட ஒழுகாது. சில நூறு ரூபாய் சாமான். முதலில் அதை மாற்றுங்கள், வண்டி ஆறியிருக்கும்போது மட்டும் திறந்து.

மூடியை மாற்றியதும் அடுத்தது பிரஷர் டெஸ்ட். வண்டி முழுக்க ஆறிய பிறகு, மூடி இருக்கிற இடத்தில் கைப்பம்பை மாட்டி காற்று ஏற்றிவிட்டு முள்ளைப் பார்ப்பார்கள். முள் இறங்கினால் எங்கோ ஒழுக்கு. வாட்டர் பம்ப் அடியில், ஹோஸ் கிளிப்பில், ரேடியேட்டர் ஓரத்தில், முன் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டில் என்று ஈரம் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். வெளியே எங்கும் ஈரமே இல்லை என்றால் அடுத்தது பிளாக் டெஸ்ட். நீல நிறத் திரவம் உள்ள ஒரு குழாயை டப்பா வாய் மேல் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, அங்கிருந்து வரும் காற்றை அதன் வழியாக உறிஞ்சுவார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும், டீசல் வண்டியில் பச்சையாகவும் ஆகலாம். நிறம் மாறினால்தான் ஹெட் கேஸ்கெட் என்று பேச ஆரம்பிக்க வேண்டும். எந்த ஒர்க்‌ஷாப்பாக இருந்தாலும் இந்த இரண்டையும் உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள், பணம் உங்களுடையது. ஆயில் மூடிக்கு அடியில் பால் மாதிரி படிந்திருக்கிறது என்று காட்டினால் உடனே பயந்துவிட வேண்டாம், மார்கழி பனியில் மேலே நிற்கும் வண்டியில் ஈரம் சேர்ந்தும் அப்படி ஆகும். டிப் ஸ்டிக்கில் வரும் ஆயிலும் அதே நிறத்தில் இருந்தால்தான் விவகாரம்.

இன்னொன்று, ஊற்றுகிறது போர் தண்ணீரா? அப்படியானால் இன்றே நிறுத்துங்கள். உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும், பிறகு நிஜமாகவே ஹெட் வேலை வந்து நிற்கும். கலந்து வைத்த கூலன்ட் கேனில் கிடைக்கிறது, ஒரு கேன் டிக்கியில் கிடக்கட்டும்.

கிளட்சும் சஸ்பென்ஷனும் தேய்கிற சாமான்கள், தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான், புது வண்டியிலும் இந்தப் பாதையில் ஒரு நாள் வரும். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் வளைவில் பஸ் திரும்பும் வரைக்கும் பாதி கிளட்சில் நிறுத்தி வைத்தே ஏறுகிறோம், வேறு எப்படி இருக்கும். கியர்பாக்ஸை இறக்கும்போதே ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்து மாற்றி, பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், இன்னொரு முறை லேபர் கொடுக்க வேண்டியிருக்காது. பிரேக் ஆயில் உங்கள் பட்டியலில் இல்லவே இல்லை, அதைச் சேருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சாமான் அது. ஈரம் இழுத்த பிரேக் ஆயில் இறக்கத்தில் சூடானால் பெடல் பொத்தென்று உள்ளே போகும். இந்த ஒன்றில் மட்டும் நான் யாரோடும் பேரம் பேச மாட்டேன்.

ஏசியைத் தள்ளிப் போடலாம் என்று சொல்வார்கள், எனக்கு உடன்பாடில்லை. பனிமூட்டத்தில் உள் கண்ணாடி மங்கினால் ஏசிதான் அதைத் துடைத்துக் கொடுக்கிறது. ஆனால் கம்ப்ரசர்தான் போய்விட்டதா, காஸ் கசிவா, மேலே இருக்கிற காந்தக் கிளட்ச் மட்டுமா என்று ஏசி வேலை மட்டுமே செய்கிற கடையில் ஒருமுறை கேட்டுவிட்டு அந்த 24,000க்கு சரி சொல்லுங்கள்.

இப்போது கணக்கு. ஒழுக்கு வெளியேதான் என்றால், ஏசி நீங்கலாக, கிளட்ச், சஸ்பென்ஷன், ரேடியேட்டர், பம்ப் எல்லாம் சேர்த்தே 49,000. நான்கு மாதத் தவணைகூட இல்லை. யோசிக்காமல் செய்யுங்கள். ஹெட் கேஸ்கெட்தான் என்று நிரூபணமானால் முழுத் தொகை எட்டு மாதத் தவணை. அப்போதும் செய்யலாம் என்பதுதான் என் அபிப்பிராயம், இரண்டு நிபந்தனையோடு. ஹெட்டை இறக்கியதும் லேத்தில் கொடுத்து விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், விரிசல் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு முன்னால், வண்டியை லிஃப்டில் தூக்கி அடிப்பக்கம் துரு பார்க்க வேண்டும். கதவுக்குக் கீழே உள்ள பட்டை, சஸ்பென்ஷன் பிடிக்கிற இடங்கள், ஸ்டெப்னி குழி, இங்கெல்லாம் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். சேலத்தில் கடற்காற்று இல்லாததால் நம் ஊர் வண்டிகள் பெரும்பாலும் இதில் தப்பித்துவிடும். குத்தினால் உள்ளே இறங்குகிறது என்றால் இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். இன்ஜின் வேலை செய்துகொள்ளலாம், அரித்துப்போன உடம்போடு மலை இறங்கக் கூடாது.

டீசல் வண்டிக்குப் பத்து வருடம்தான் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், அது டெல்லியும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் சம்பந்தப்பட்ட விஷயம். உங்கள் ஆர்சி 2027 ஜூன் வரை செல்லும். அதற்குப் பிறகு வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததால் பழைய வண்டி விலையும் கீழே வந்திருக்கிறது, அந்த 1,60,000 காத்திருந்தால் ஏறும் என்று நினைக்க வேண்டாம். மாருதி 2020 ஏப்ரலில் டீசலையே விட்டுவிட்டது, பட்ஜெட்டுக்குள் இதே மாதிரி டீசல் புதிதாகக் கிடைப்பது கஷ்டம். வாங்குவதானால் பெட்ரோலில் ஏறிப் பார்த்துவிட்டு வாங்குங்கள், நான்கு பேரை உட்கார வைத்து, ஏசி போட்டு, அடிவாரத்திலிருந்து மேலே வரைக்கும்.

பயம் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை நான் சின்ன விஷயமாக எடுக்கவில்லை. இருட்டுகிற நேரத்தில் வளைவில் தனியாக நிற்கிற நிலைமை எந்தக் கணக்கிலும் வராது, வீட்டில் யாரும் அதை லேசாகப் பேசவும் கூடாது. அதனால் சோதனை முடிந்து வேலை ஆகும் வரைக்கும் இந்த வண்டியில் மேலே போகாதீர்கள், பஸ்ஸில் போய் வாருங்கள். வேலை முடிந்த பிறகு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், டப்பாவில் அளவு கோட்டில் பேனாவால் ஒரு குறி போட்டு வைத்துக்கொண்டு. அளவு அசையாமல் இருந்தும் மனசு பதறுகிறது என்றால் விற்றுவிடுங்கள். அதற்காக யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வாங்குகிறவரிடம் என்ன வேலை செய்தது என்று பில்லோடு சொல்லிவிட்டு விற்றால் போதும்.

பிரஷர் டெஸ்டில் முள் இறங்கியதா, நீலம் நிறம் மாறியதா, இரண்டையும் எனக்கு எழுதுங்கள். ஹெட் என்று வந்தால் லேத்காரர் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள், பார்த்துவிட்டு மேலே பேசலாம்.