சின்ன பிக்கப்பில் பெரிய டயர் போட்டால் டிரெய்லர் இழுக்கும் திறன் குறையுமா?

குறையும். 265/70ஆர்16 டயரின் விட்டம் சுமார் 777 மி.மீ.; 285/75ஆர்16 சுமார் 834. அதாவது 7% கூடுதல் உயரம். 3.73 ஆக்சில் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) நடைமுறையில் 3.48 ஆகிவிடும். சக்கரத்தில் இழுவிசையும் அதே அளவு குறையும். மேட்டில் ஆட்டோ கியர்பாக்ஸ் அடிக்கடி கியர் மாற்றித் தவிக்கும், ஆயில் சூடேறும். ஓவர்டிரைவை (நெடுஞ்சாலை வேகத்துக்கான உச்ச கியரை) அணைத்துவிட்டு ஓட்டுங்கள். நிரந்தரத் தீர்வு ஆக்சிலில் 4.10 கியர் செட்; ஃபோர் வீல் டிரைவ் என்றால் முன், பின் இரண்டிலும் மாற்ற வேண்டும், செலவு கடிக்கும்.

பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 107. டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் 28 மி.மீ. உயர்வதால் டிரெய்லர் மூக்கைத் தூக்கி ஆட்டம் காணும். அதற்கேற்பத் தாழ்ந்த பால் மவுன்ட் (ஹிட்ச் குண்டைத் தாங்கும் கம்பி) போடுங்கள்.

அடிக்கடி இழுப்பவர் பழைய அளவிலேயே கூடுதல் சுமைத் தர டயர் வாங்குவதே மேல்.